ஜப்பானியப் பள்ளியில் துணை ஆங்கில ஆசிரியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் மலையோரச் சிற்றூர் ஒன்றில், ஒரு நடுநிலைப் பள்ளியிலும் இரண்டு தொடக்கப் பள்ளிகளிலும் நான்கு ஆண்டுகள் துணை ஆங்கில ஆசிரியராக இருந்தேன். அந்த வேலைக்குக் கிளம்புகிறவர்களும், போய்ச் சேர்ந்து முதல் பருவத்திலேயே சோர்ந்துபோனவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

துணை ஆங்கில ஆசிரியர் என்பவர் உண்மையில் யார்?

ஜப்பானில் எல்லோரும் அவரை 'ஏ.எல்.டி.' என்றுதான் சொல்வார்கள். ஜப்பானிய ஆசிரியருடன் சேர்ந்து வகுப்பில் நின்று ஆங்கிலம் கற்பிப்பவர். பொதுவாக அவரிடம் ஜப்பானிய ஆசிரியர் உரிமம் இருக்காது. ஆகவே பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் பொறுப்பு உரிமம் பெற்ற ஆசிரியருடையது. இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். மதிப்பெண் போடாத ஒரு பெரியவரிடம் பிள்ளைகள் பயமில்லாமல் பேசுவார்கள். இந்த வேலையில் இருக்கும் மிகப் பெரிய வசதி அதுதான்.

1987-இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேருடன் தொடங்கிய 'ஜெட்' என்ற அரசுத் திட்டம்தான் இந்தப் பணியை ஜப்பான் முழுவதும் பரப்பியது. அதில் ஓராண்டு ஒப்பந்தம் போடுவார்கள். இரு தரப்பும் விரும்பினால் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம்.

தமிழர்களுக்கு இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் ஒரு விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மொழி கற்பிக்க வருபவர் அந்த மொழியின் வழியாகவே குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்று ஜப்பானின் குடியேற்ற விதிகள் சொல்கின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவருக்கு இது சிக்கல் இல்லை, பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் பெரும்புலமை பெற்றவருக்கு இது தடைக்கல்லாக நிற்கும். இந்த விதி நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. பாதியில் ஆங்கிலத்துக்கு மாறி, தட்டுத்தடுமாறிக் கற்றவருக்குத்தான் கற்பவரின் கஷ்டம் நன்றாகத் தெரியும். ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. இதைத் தவிர ஒரு பட்டமும் வேண்டும்.

வேலைக்கு எடுப்பவர்கள் மூன்று வகை: ஜெட் திட்டம், ஊரின் கல்வி வாரியம், ஆட்களை அனுப்பும் தனியார் நிறுவனங்கள். மூன்றாவது வகையில் சேர்பவர்கள் ஒப்பந்தத்தில் 'கியோமு இத்தாகு' என்ற சொல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கற்பிக்கும் பணியை மொத்தமாக நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முறை அது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில், பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லச் சட்டம் இடம் தராது. வகுப்பில் பக்கத்தில் நிற்பவரே 'இதைச் செய்யுங்கள்' என்று சொல்ல முடியாத நிலையில் சேர்ந்து கற்பிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். தேர்ந்தெடுக்க வழி இருந்தால் முதல் இரண்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் பெயரை. சிரிக்க வேண்டாம், நம்மவர்களுக்கு இது உண்மையான சிக்கல். ஜப்பானில் குடும்பப் பெயரோடு ஆசிரியர் என்று பொருள்படும் 'சென்செய்' சேர்த்து அழைப்பார்கள். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். ஆக, பள்ளி முழுவதும் உங்களை உங்கள் அப்பாவின் பெயரால் அழைக்கும். எனக்கு முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. யாரோ அப்பாவைக் கூப்பிடுவதாக நினைத்து நான் திரும்பிப் பார்க்காமலே இருந்தேன். பள்ளிக்குப் போகும் முன்பே, 'என்னை இப்படி அழையுங்கள்' என்று உங்கள் பெயரின் சுருக்கத்தை, வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகனா எழுத்தில் எழுதிக் கல்வி வாரியத்திடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது காலணி. வாசலில் வெளிக்காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே அணிவதற்கென்று சுத்தமான இன்னொரு ஜோடி வேண்டும். அதன் பிறகு வணக்கம். காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் கேட்கும்படி 'ஒஹாயோ கொசாய்மாசு' சொல்ல வேண்டும். மாலையில் கிளம்பும்போது 'ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாசு', அதாவது உங்களுக்கு முன்பாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒரு நாளும் விடாதீர்கள். மொழி தெரியாத புதியவரைப் பற்றி அந்த அறை எடுக்கும் முதல் முடிவு இவற்றை வைத்துத்தான் அமையும். துணைத் தலைமையாசிரியர் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அறையின் நடுவில் எல்லோரையும் பார்த்தபடி அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான். விடுப்பு, தாமதம், உடல்நலக் குறைவு எதுவானாலும் அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

ஜப்பானிய ஆசிரியருடன் சேர்ந்து பாடம் நடத்துவது எப்படி?

வேலையின் வெற்றியும் தோல்வியும் இந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன. என் அனுபவத்தில், நல்ல பாடவேளையின் பாதி வகுப்புக்கு வெளியில்தான் நடக்கிறது.

முதலில் அந்த ஆசிரியரின் ஒரு நாளைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் ஒரு வகுப்பின் பொறுப்பாசிரியர். பாடம் முடிந்ததும் விளையாட்டு மன்றத்தையோ இசைக் குழுவையோ கவனிக்கப் போவார். பிறகு பெற்றோருக்குத் தொலைபேசி, விடைத்தாள், அறிக்கை. இரவு ஏழு மணிக்கும் ஆசிரியர் அறையில் விளக்கு எரியும். அவரிடம் போய் 'நாளைய பாடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாமா?' என்று கேட்டால், தலையைச் சாய்த்து 'சொத்தோ...' என்று இழுப்பார். 'கொஞ்சம்' என்று பொருள்படும் அந்தச் சொல் இழுபட்டு நின்றால், முடியாது என்று அர்த்தம்.

நான் கண்டுகொண்ட வழி, அரைப் பக்கத் தாள். நாளைய பாடத்தின் வாக்கிய அமைப்பு என்ன, நான் செய்ய நினைக்கும் பயிற்சி என்ன, அதற்கு எத்தனை நிமிடம், அதில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி எழுதி முந்தைய நாள் அவர் மேசையில் வைத்துவிடுவேன். கீழே இரண்டு பெட்டிகள்: 'சரி', 'மாற்ற வேண்டும்'. அவர் ஒரு பெட்டியில் குறி போட்டால் போதும். முதல் மாதம் குறிகள் மட்டும் வந்தன. இரண்டாம் மாதம் ஓரத்தில் சில சொற்கள் எழுதினார். கோடை விடுமுறைக்கு முன்பு அவரே ஒரு தாளை என் மேசையில் வைத்தார். அன்றைய மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு நடந்து திரும்பும் அந்த இரண்டு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள். 'கடைசி வரிசையினருக்குக் கட்டளை புரியவில்லை என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். பாராட்டையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அவர் கரும்பலகையில் ஆங்கிலத்தைத் தவறாக எழுதினால் என்ன செய்வது? பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். வரிசைகளுக்கிடையே நடப்பதுபோல் அருகே போய் மெல்லச் சொல்லலாம். அல்லது அந்த வாக்கியத்தை நீங்கள் சரியாக உரக்கச் சொன்னால், அவரே பார்த்துத் திருத்திக்கொள்வார். ஒருவரை அவர் மாணவர்கள் முன் குறைத்துவிட்டால், பிறகு எத்தனை அரைப் பக்கத் தாள் வைத்தாலும் அந்த உறவு திரும்பாது.

என்னை வெறும் டேப்ரிக்கார்டர் போலப் பயன்படுத்துகிறார்கள். 'படியுங்கள்' என்றால் படிக்கிறேன், பிறகு ஓரமாக நிற்கிறேன். என்ன செய்யலாம்?

இந்த வருத்தம் மிகப் பழையது, மிக உண்மையானது. ஆனால் பெரிய உரிமைகளைக் கேட்டுத் தொடங்காதீர்கள். ஐந்து நிமிடம் கேளுங்கள். பாடவேளை 50 நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் உங்களுடையது என்று ஆனால், ஆசிரியருக்கு ஒரு சுமை குறையும், உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் வார இறுதியில் நான் செய்தவை என்று மூன்று வாக்கியம் சொல்லி, அதில் எது பொய் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். இறந்த காலம் நடக்கும் மாதத்தில் எல்லாம் இறந்த காலத்தில் இருக்கும். விளையாட்டு பாடத்தோடு ஒட்டியிருப்பதை ஆசிரியர் கண்டால், ஐந்து பத்தாகும்.

ஓரமாக நிற்கும் நேரத்திலும் வேலை இருக்கிறது. ஆசிரியர் ஜப்பானிய மொழியில் இலக்கணம் விளக்கும்போது நான் வரிசைகளுக்கிடையே நடந்து நோட்டுகளைப் பார்ப்பேன். சரியான விடைக்கு மேல் சிறு வட்டம். தவறானதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, பார் என்ற பொருளில். 35 பேரில் யார் எங்கே தடுக்குகிறார்கள் என்று ஆசிரியருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

கேள்வி கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. என்னைப் பிடிக்கவில்லையா?

அப்படியில்லை. எல்லோர் முன்னும் தவறிவிடுவோமோ என்ற அச்சம்தான். அதோடு, தான் மட்டும் கை தூக்கித் தனித்துத் தெரிவதையும் பலர் விரும்புவதில்லை. முதல் வாரம் தமிழ்நாட்டுக் கோயில்கள், வாழையிலைச் சாப்பாடு என்று வண்ணப் படங்களைக் காட்டி, 'ஏதாவது கேள்வி?' என்றேன். சுவர்க் கடிகாரத்தின் ஓசைதான் கேட்டது. அன்று மதியம் உணவு நேரத்தில், வகுப்பில் தலை நிமிராத ஒரு பையன் என் தட்டை எட்டிப் பார்த்து, 'யூ, நாத்தோ, ஓகே?' என்றான். புளித்து நூல்விடும் அந்தச் சோயாவை நான் சாப்பிடுவேனா என்று அவனுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்றே சொல்லில் ஒரு முழுக் கேள்வி.

அதன் பிறகு வகுப்பில் எல்லோரையும் நோக்கிக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். முதலில் தாளில் எழுதச் செய்வேன். பிறகு பக்கத்திலிருப்பவரிடம் சொல்லச் செய்வேன். பிறகு நால்வர் குழுவில். அதற்கும் பிறகுதான் வகுப்பின் முன். அந்த இடத்துக்கு வரும்போது அந்த வாக்கியத்தை அவர்கள் எழுதியும் சொல்லியும் மூன்று முறை பழகியிருப்பார்கள். கேட்டபின் காத்திருக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மௌனம் தாங்காமல் விடையை நாமே சொல்லிவிடுவது நம் ஊர் ஆசிரியர்களுக்கு ஊறிப்போன பழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

தமிழ் தெரிந்திருப்பது இந்த வேலையில் உதவுமா?

எதிர்பாராத அளவுக்கு உதவும். 'நான் நாளை தோக்கியோவுக்குப் போகிறேன்' என்பதன் சொல் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு ஜப்பானியச் சொற்களைப் போட்டால் வாக்கியம் சரியாக வரும்: 'வதாஷி வ அஷ்தா தோக்கியோ நி இகிமாசு'. வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ஆகவே அந்தப் பிள்ளைகள் ஆங்கில வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தடுமாறும்போது, அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு அந்நியமானதல்ல. நாமும் அதே இடத்தில்தான் தடுமாறினோம். (சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வயதான ஆசிரியர் யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், இனிய உரையாடல் ஒன்று தொடங்கும்.)

இன்னும் நுட்பமான ஓர் இடம். 'உனக்கு மீன் பிடிக்காதா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமாம், பிடிக்காது' என்போம். ஜப்பானிய மொழியிலும் 'ஹாய்' என்று ஆமோதித்துவிட்டுத்தான் பிடிக்காது என்பார்கள். ஆங்கிலத்தில் அதே விடைக்கு 'நோ' சொல்ல வேண்டும். ஆங்கிலத்தை மட்டுமே பேசி வளர்ந்தவருக்குப் பிள்ளைகள் ஏன் இதில் மாறி மாறித் தவறுகிறார்கள் என்று புரியாது. நமக்குப் புரியும்.

'ஐ லைக் டாக்' என்று எழுதும் பிள்ளையையும் அப்படியே பாருங்கள். 'எனக்கு நாய் பிடிக்கும்' என்பதில் நாம் பன்மை போடுவதில்லை, அவர்களும் போடுவதில்லை. ஆங்கிலத்தில் பன்மை போடாவிட்டால் நாய்க்கறி பிடிக்கும் என்று ஆகிவிடும் என்று ஒரு தட்டுப் படம் வரைந்து காட்டினேன். அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் பன்மைக்கான 'எஸ்' எழுத்தை விடவில்லை.

என் ஆங்கில உச்சரிப்பு அமெரிக்கரைப் போல இல்லையே?

இருக்க வேண்டியதில்லை. பாடநூலின் ஒலிப்பதிவில் அந்த உச்சரிப்பு போதுமான அளவு இருக்கிறது. தெளிவாகவும் சீராகவும் பேசுங்கள். ஆனால் நம் குறைகளை நாம் அறிந்திருக்க வேண்டும். 'தேங்க்' என்று நாம் சொல்லும்போது வருவது நம் தகரம்தான். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையே வைத்து ஊதும் ஆங்கில ஒலி அது அல்ல. ஜப்பானியப் பிள்ளைகள் அதையே சகரமாக்குவார்கள். இருவரும் சேர்ந்து பழகலாம்.

'ன்' போன்ற ஒலியைத் தவிர வேறு மெய்யெழுத்தில் சொல்லை முடிக்க அவர்களுக்கு வராது. 'டெஸ்க்' அங்கே 'தெசுகு' ஆகும். ஓரசைச் சொல்லான 'ஸ்ட்ரைக்' அவர்கள் வாயில் 'சுதோராய்கு' என்று ஐந்து துடிப்பாக நீளும். பஸ்ஸைப் 'பஸ்ஸு' என்றும் ஸ்கூலை 'இஸ்கூல்' என்றும் சொல்லும் நாட்டில் பிறந்தவர்கள் இதைக் கேலி செய்ய முடியாது. நான் கை தட்டிச் சொல்லிக்கொடுத்தேன்: ஒரு தட்டு, ஒரு சொல். ரகர லகர வேறுபாட்டுக்கு மட்டும் நீண்ட பொறுமை வேண்டும். ர, ற, ல, ள, ழ என்று ஐந்து எழுத்துகளோடு வளர்ந்த நமக்கு, இவை அனைத்துக்கும் ஒரே ஒலி உள்ள செவி எப்படிக் கேட்கும் என்று கற்பனை செய்வதே கடினம். முதலில் காதுக்குப் பயிற்சி, பிறகுதான் நாக்குக்கு.

தொடக்கப் பள்ளியில் வேலை எப்படி மாறும்?

2020-ஆம் ஆண்டு முதல் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலச் செயல்பாடு. அதில் மதிப்பெண் இல்லை. ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு 70 பாடவேளை. அங்கே ஆங்கிலம் முறையான பாடம். ஒரு பாடவேளை 45 நிமிடம். பல பள்ளிகளில் உங்களுடன் நிற்பவர் ஆங்கில ஆசிரியர் அல்ல, எல்லாப் பாடமும் நடத்தும் வகுப்பாசிரியர். தன் ஆங்கிலத்தைப் பற்றி அவருக்கே கூச்சம் இருக்கும். முழு வகுப்பையும் உங்களிடம் விட்டுவிட்டுப் பின்னால் போய் நிற்க விரும்புவார். விடாதீர்கள். அவரை முன்னால் அழைத்து, உங்களுடன் இரண்டு வரி உரையாடச் செய்யுங்கள். தங்கள் ஆசிரியரே தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசுவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, தயங்கிப் பேசுவது தவறில்லை என்று தெரியும். உங்களால் தர முடியாத பாடம் அது.

விளையாட்டுகள் அவசியமா?

அளவோடு. கல்-கத்தரி-தாள் போட்டியைச் சேர்த்தால் எந்தப் பயிற்சிக்கும் உயிர் வந்துவிடும். ஆனால் ஆங்கிலமே பேசாமல் வெல்லக்கூடிய விளையாட்டு ஆங்கிலப் பாடத்தில் வேண்டாம்.

மதிய உணவில் சைவர்கள் என்ன செய்வது?

கடினம்தான், மறைக்க மாட்டேன். 'க்யூஷொகு' என்ற பள்ளி உணவை எல்லோரும் ஒன்றாக, வகுப்பறையிலேயே, ஒரே பட்டியலின்படி சாப்பிடுவார்கள். சோறு அல்லது ரொட்டி, ஒரு கறி, ஒரு சூப், ஒரு பொட்டலம் பால். காய்கறி மட்டும் தெரியும் சூப்பிலும் பெரும்பாலும் உலர்மீன் சாறு இருக்கும். முன்கூட்டியே துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லி வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம். நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் தனியாக மேசையில் சாப்பிடாமல் வகுப்பறைக்கே டப்பாவைக் கொண்டு போனேன். எலுமிச்சைச் சோற்றின் மஞ்சள் நிறம் நான் எழுதிய எந்தப் பாடத் திட்டத்தையும் விட அதிகக் கேள்விகளைக் கொண்டுவந்தது.

உணவுக்குப் பிறகு பிள்ளைகளே பள்ளியைத் துடைத்துப் பெருக்குவார்கள். நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குனிந்து தரை துடைக்கும் பிள்ளை, வகுப்பில் பேசாததை அங்கே பேசும்.

ஜப்பானிய மொழி தெரிய வேண்டுமா?

வேலை கிடைக்கப் பல இடங்களில் தேவையில்லை. வேலை நன்றாக நடக்கத் தேவை. ஹிரகனா, கதகனா என்ற இரண்டு எழுத்து முறைகளையும் விமானம் ஏறும் முன்பே கற்றுவிடுங்கள். வகுப்பில் மட்டும் உங்கள் ஜப்பானிய மொழியை அடக்கி வையுங்கள். ஆங்கிலம் பேசாவிட்டாலும் இவரிடம் காரியம் ஆகும் என்று பிள்ளைகள் கண்டுகொண்டால், ஆங்கிலம் பேச அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்காது.

பிள்ளைகள் அடங்காவிட்டால் நான் கண்டிக்கலாமா?

வேண்டாம். அது ஜப்பானிய ஆசிரியரின் பொறுப்பு. தூங்கும் பிள்ளைக்குப் பின்னால் உங்களுக்குத் தெரியாத வீட்டுக் கதை ஒன்று இருக்கலாம், அவருக்கு அது தெரிந்திருக்கும்.

பாடமில்லாத நேரத்தில் என்ன செய்வது?

பருவத் தேர்வு நாட்களிலும் கோடை விடுமுறையிலும் வெறும் மேசையின் முன் பல நாட்கள் கழியும். நான் நடைபாதையில் ஓர் ஆங்கிலப் பலகையும் அதன் கீழே ஒரு கடிதப் பெட்டியும் வைத்தேன். எழுதிப் போடும் ஒவ்வொரு கடிதத்துக்கும் கையால் பதில் எழுதினேன். முதல் மாதம் இரண்டு கடிதம். ஆண்டின் இறுதியில் பதில் எழுத மாலைகள் போதவில்லை. நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நேர்முகத் தேர்வுப் பயிற்சி, பேச்சுப் போட்டிப் பயிற்சி ஆகியவற்றுக்கும் நீங்களாகவே கேட்டுப் போங்கள். ஒரு மாணவியோடு ஒரே உரையைப் பத்து நாள் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்ப்பது, வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் செய்வதைவிட ஆழமான வேலை.

ஏப்ரலில் எல்லாம் மாறிவிடும் என்கிறார்களே?

ஆம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச் இறுதியில் ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் வரும். நீங்கள் ஓராண்டு பாடுபட்டு இணக்கம் கண்ட ஆசிரியர், இரண்டு வாரத்தில் வேறு ஊர்ப் பள்ளியில் இருப்பார். எனக்கு இது இரண்டு முறை நடந்தது. முதல் முறை மனம் உடைந்தது. இரண்டாம் முறை தயாராக இருந்தேன். அரைப் பக்கத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, எந்தப் பயிற்சி எந்த வகுப்பில் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் புதிய ஆசிரியர் வந்து அமர்ந்ததும் அந்தக் கோப்பை இரண்டு கைகளாலும் நீட்டி, 'யோரோஷிகு ஒனெகாய்ஷிமாசு', அதாவது உங்கள் ஆதரவை வேண்டுகிறேன் என்றேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. 'மாற்ற வேண்டும்' என்ற பெட்டியில் குறி போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருந்தார்.